முள் இறங்கியபோது

செப்புத் தகடு அடித்த அறையில் மூன்று பேர். கருவிக்கு முன்னால் மருமகன். அவனுக்கு வலப்பக்கம் மெத்தை வைத்த நாற்காலி காலியாகக் கிடக்க, இடப்பக்கம் ஆடுகிற முக்காலியில் மாமியார். கதவோரம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கம்பெனிக்காரர். மாமியார் சரக்கை மருமகன் அளந்தால் சாட்சிக்கு ஆள் வேண்டாமா?

மேசையில் அவள் பட்டறையில் கம்பி சுற்றிய ஃபெரைட் குச்சி. நீண்ட அலை ரேடியோவுக்கான ஆன்டெனா. வெளிச் சத்தம் நுழையாத அந்த அறையில், குச்சியின் சொந்த இரைச்சலைக் காட்டும் கருவி முள் எல்லைக் கோட்டுக்குக் கீழே நின்றால் ஆர்டர். மேலே போனால் பட்டறைக்குப் பூட்டு.

முள் மேலேயே நின்றது.

செல்போன், கடிகாரம், சாவி எல்லாம் வெளியே தட்டில் போட்டாயிற்று. முள் அசைந்து கொடுக்கவில்லை.

“மாமியார் மேல அப்படி என்ன கோபம் தம்பி?” கம்பெனிக்காரர் சிரித்தார்.

அவன் அலுத்துப்போய்த் தன் நாற்காலியில் பின்னால் சாய்ந்தான். முள் கொஞ்சம் இறங்கியது. முன்னால் குனிந்தான். ஏறியது.

குச்சியின் சொந்த இரைச்சல் ஆள் நகர்ந்தால் மாறாது.

இருவரையும் வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினான். இப்போதும் அதே இரைச்சல். உள்ளே மிச்சம் அவன் மட்டும்தான்.

வலது காதை மறைத்திருந்த முடியை ஒதுக்கினான். போன வாரம் வாங்கிய காது மெஷின். மனைவிக்குக்கூடத் தெரியாது. ரேடியோவைக் கேட்டுத் தரம் சொல்லும் வேலை. காது மந்தமானவனை வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

கழற்றி அணைத்தான். முள் கோட்டுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.

அளவைக் குறித்துக்கொண்டு கதவைத் திறந்தான். உள்ளங்கையில் இருந்ததை மறைக்க மறந்துவிட்டான். கம்பெனிக்காரர் தட்டில் தன் செல்போனைத் துழாவிக்கொண்டிருந்தார். மாமியார்தான் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

சுற்றிக்கொண்டு அவன் இடது காதருகே வந்தாள்.

“குத்தம் குச்சியிலதான்னு எழுதிடுங்க மாப்பிள்ளை. நான் வேற தொழில் பாத்துக்குவேன்.”

சாப்பாட்டு மேசையிலும் பஸ்ஸிலும் கொஞ்ச காலமாக அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்து வந்தாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினான். குச்சி தேறியது, முதலில் வந்த இரைச்சல் சோதித்தவரின் காது மெஷினுடையது.

முக்காலிக்குத் திரும்பியிருந்த மாமியார் எட்டிப் பார்த்து, பேனாவைப் பிடிக்கக் கை நீட்டினாள். அதற்குள் கையெழுத்து விழுந்துவிட்டது.

உறையை ஒட்டி நீட்டினான். கம்பெனிக்காரர் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டே, “மெத்தை நாற்காலி சும்மாத்தானே கிடக்கு, அதுல உக்காருங்கம்மா” என்றார்.

“இருக்கட்டும். இதுதான் எனக்குச் சௌகரியம்.”

கடிதம் கதவைத் தாண்டிப் போனது.