ஆஸ்பத்திரியடி இறக்கம்

தேங்காய், கற்பூரம், செவ்வரத்தம்பூ. மூன்றும் பன்பையின் மேலே நன்றாகத் தெரியும்படி வைத்துக்கொண்டுதான் சிவனேஸ்வரி நெடுங்கேணியில் பஸ் ஏறினாள். பார்த்தவர்கள் வெள்ளிக்கிழமை விரதக்காரி என்று நினைத்திருப்பார்கள். பூவுக்குக் கீழே ஒரு பழஞ்சீலை மடித்து வைத்திருந்தது பிள்ளையாருக்கு மட்டும் தெரியும்.

ஏறிப் பார்த்தால், முன் சீற்றில் ஜெகதீஸ்வரி!

"எங்கை, வவுனியாவுக்கோ?"

"ஓமக்கா, பிள்ளையாருக்கு ஒரு நேத்திக்கடன். நீங்கள்?"

"நானும் கோயிலுக்குத்தான்."

சிவனேஸ்வரியின் மகள் அருந்ததியைத் தன் மகனுக்குப் பெண் பார்த்துவிட்டுப் போனவள் இந்த ஜெகதீஸ்வரி. போனவள் போனவள்தான், ஓம் என்றோ இல்லை என்றோ இன்னும் ஒரு சொல் வரவில்லை. பெண் பார்க்க வந்த அன்று ஒரு தும்மல் வந்தபோது, அத்தனை ஆண்களுக்கு நடுவில் அவசரமாகக் கால்மேல் கால் போட்டுக்கொண்டு தும்மினாள். "தும்மினாலும் பெருமையாத்தான் தும்முவா போலை," என்று சிவனேஸ்வரியின் கணவர் ஐயாத்துரை பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிவனேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அவள் கவலை. குந்தி எழும்பினால், தண்ணீர்க்குடம் தூக்கினால், கீழே கோழிமுட்டை போல ஏதோ பிதுங்கி வரும். படுத்தால் உள்ளே போய்விடும். வெட்கத்தில் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தவள், போன கிழமைதான் மருத்துவிச்சி விமலேஸ்வரியிடம் சொல்லி அழுதாள்.

"இதுக்கேன் அழுறீர்? இது அடி இறக்கம்," என்றாள் விமலேஸ்வரி. "அஞ்சு பிள்ளை பெத்தனீர். பெத்த உடம்பு தேறமுன்னம் நெல்லுமூட்டை தூக்கினீர். உள்ளுக்கை தாங்கிற தசை இளகி, கருப்பை கீழை இறங்கிப் போச்சு. பாவமுமில்லை, பழியுமில்லை. வெள்ளிக்கிழமை வவுனியாப் பெரியாஸ்பத்திரிக்கு லேடி டொக்டர் வருவா. மாத்திக் கட்ட ஒரு பழஞ்சீலை கொண்டு போம். றப்பர் வளையம் ஒண்டு வைச்சுத் தாங்கி விடுவா. பிறகு நீர் பழையபடி நடமாடலாம்."

"வெளியிலை தெரிஞ்சால்? தாய்க்கு வந்தது மோளுக்கும் வருமெண்டு சொல்லி, அந்த மனிசி கலியாணத்தைக் குழப்பிப் போடுமே!"

அதற்குத்தான் இந்தத் தேங்காயும் பூவும்.

அன்றிலிருந்து ‘இறக்கம்’ என்ற சொல் காதில் விழுந்தாலே அவளுக்கு உடம்பு கூசும். தரிப்புக்குத் தரிப்பு இறங்க ஆள் உண்டோ என்று கேட்கிற கொண்டக்டர் தில்லைநாதனுக்கோ அதை விட்டால் வேறு சொல் கிடையாது.

"புளியங்குளம்! இறக்கம் இருக்கோ? இறக்கம் உள்ள ஆக்கள் வெக்கப்படாமல் முன்னுக்கு வாங்கோ!"

ஜெகதீஸ்வரிக்குப் பக்கத்துச் சீற்றில் இருந்த சிவனேஸ்வரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஓமந்தை கழிய பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. ஜெகதீஸ்வரி "ஐயோ, முருகா!" என்று முன் கம்பியைப் பிடித்தாள். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் சிவனேஸ்வரியின் மனம் தாளவில்லை. பின்னால் வரப்போவதை யோசிக்காமல் பூவுக்குக் கீழே கையை விட்டாள்.

"அக்கா, இந்தச் சீலையைக் கீழை போட்டுக்கொண்டு இருங்கோ. குலுக்கத்திலை நாரி நோகாது."

ஜெகதீஸ்வரி சீலையைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். சிவனேஸ்வரியைப் பார்த்தாள்.

"கோயிலுக்கு ஏன் மாத்துச் சீலை?"

"அது... முழுகிப்போட்டுக் கும்பிடலாமெண்டு..."

"பிள்ளையார் கோயிலடியிலை எந்தக் குளத்திலை முழுகப் போறியள்?"

சிவனேஸ்வரி குனிந்து பூவை அடுக்கத் தொடங்கினாள். ஜெகதீஸ்வரி சீலையை விரித்து அதன் மேல் மெல்ல அமர்ந்துகொண்டாள்.

பஸ் நின்றது.

"ஆஸ்பத்திரியடி! இறக்கம் இருக்கோ?"

சிவனேஸ்வரி அசையவில்லை. இறங்கினால் எல்லாம் வெளிச்சம். இறங்காமல் அடுத்த தரிப்பான கோயிலடிக்குப் போனாலோ, டொக்டர் இல்லை, வளையம் இல்லை. மகளின் கலியாணத்துக்கு ஒரு பானை தூக்கி வைக்கவும் உடம்பு இடம் தராது.

"ஒருத்தருக்கும் இறக்கம் இல்லையோ? நான் மணி அடிக்கப் போறன்!"

பிள்ளையார் பேரைச் சொல்லிப் பொய்க்குச் சுமந்த தேங்காய் மடியில் கல்லாய்க் கனத்தது. ‘அப்பனே, நடக்கிறது நடக்கட்டும்’ என்று எழுந்தாள்.

"தம்பி! எனக்கு இறக்கம்!"

நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்துவிட்டது. பஸ் முழுதும் திரும்பிப் பார்த்தது. தேங்காய் பையிலிருந்து விழுந்து ஜெகதீஸ்வரியின் காலடிக்கு உருண்டது.

"என்னம்மா நீங்கள்!" கொண்டக்டர் தலையில் கை வைத்தான். "இறக்கத்தை வைச்சுக்கொண்டு இவ்வளவு நேரமும் வாய் திறவாமல் இருக்கிறதோ? நேரத்துக்குச் சொல்ல வேணுமெல்லோ!"

சிவனேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்கு நடந்தாள். முன் சீற்றைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"பொறு தம்பி, மணி அடியாதை. அந்தத் தேங்காயையும் ஒருக்கால் எடுத்துத் தா. என்னாலை குனிய ஏலாது."

ஜெகதீஸ்வரியின் குரல்! கம்பியைப் பிடித்து மெல்ல எழுந்து, சீலையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, அவளும் வாசலுக்கு வந்தாள். சிவனேஸ்வரியின் கையை இறுகப் பிடித்தாள். காதோரம் வாயை வைத்தாள்.

"எனக்கும் அதே இறக்கந்தான், சம்மந்தி."