நான்காவது கால்

1984இல் ஐயாவு, சுங்கை சிப்புட் வீட்டுப் பின்புறப் பட்டறையில் தச்சு மேசை செய்தார். மூன்று கால்கள் மெராந்தி மரம். அது போதாததால், நான்காவதற்குத் தோட்டத்தில் வெட்டிப்போட்டு மூன்று வருடம் காய்ந்த கித்தா என்னும் ரப்பர் மரத்தை இழைத்து மாட்டினார்.

மறுநாள் காலை அந்தக் காலில் சாய்வாக ஒரு வெட்டு. கீழே பால் உறைந்திருந்தது.

தோட்டத்தில் பல வருடம் பால் வெட்டிய மனைவி மங்களம் குனிந்து பார்த்தாள்.

“நல்ல கைலா. மரத்துல ஆழமா காயம் படல.”

“கால மாத்திரவா?”

“வேணாங்க. வர்ற ஆளுக்கு வேல போயிரும்.”

அவள் பால் பிடிக்கும் பழைய மங்கு ஒன்றை மேசைக் காலடியில் வைத்தாள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் மங்கு நிறைந்தது. மழை பெய்த காலைகளில் தோட்டத்தில் பால் வெட்டுவதில்லை; அன்று முறை நாளானாலும் மங்கு காலியாக இருந்தது. பட்டறையின் தகரக் கூரை ஒரு சொட்டும் ஒழுகாது.