கை தூக்கும் வகுப்பு

பெயரைக் கூப்பிட்டும் அவள் பதில் சொல்லவில்லை. அலுவலக உதவியாளர் மறுபடி கூப்பிட்டபோதும் வாயைத் திறக்காமல் கையை மட்டும் தூக்கினாள். நேர்காணலுக்கு வந்து காத்திருந்த மற்றவர்கள், இவளுக்கு எவ்வளவு திமிர் என்பதுபோல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திமிரெல்லாம் இல்லை. அவளுக்குத் திக்குவாய். மற்ற சொற்களை எப்படியாவது தள்ளிக் கரை சேர்த்துவிடுவாள். சொந்தப் பெயர் மட்டும் தொண்டையிலேயே சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். பேசாமல் வேறு பெயர் வைத்துக்கொள், நான் கூப்பிட்டுப் பழகிக்கொள்கிறேன் என்று காலையில்கூடக் கணவன் கிண்டல் செய்திருந்தான். இப்போது அவன் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே, பிரசவ வார்டு வாசலில் நிற்பவன்போல் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

அவள் படித்த பள்ளிக்கூடம்தான் அது. உள்ளே இருந்த தலைமை ஆசிரியர் புதியவர். பக்கத்தில் கணக்கு டீச்சர். அவளுடைய வகுப்புக்கு அவர் பாடம் எடுத்ததில்லை. அதனாலோ என்னவோ, இவளை அடையாளம் தெரிந்த மாதிரி அவர் காட்டிக்கொள்ளவில்லை. தலைமுடி நரைத்திருந்ததே தவிர, அதே கண்டிப்பான முகம்.

நாற்காலி அசைந்தால் கிறீச்சிட்டது. அசையாமலும் அவளால் இருக்க முடியவில்லை. மடியில் கைக்குட்டையை முறுக்கினாள், பிரித்தாள், மறுபடி முறுக்கினாள்.

தலைமை ஆசிரியர் சான்றிதழ்களைப் பார்த்துத் தலையாட்டினார். மதிப்பெண்ணில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றார். பிறகு, தயங்கித் தயங்கி, அதிகம் பேசத் தேவையில்லாத வேலை எவ்வளவோ இருக்க, ஏன் இந்த டீச்சர் வேலைக்கே வருகிறாள் என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காகத்தான் ஒரு வாரமாகக் குளியலறைக் கண்ணாடிக்குப் பாடம் ஒப்பித்திருந்தாள். பாதி விழுங்கி, பாதி சிக்கி, சொல்லத் தொடங்கினாள்.

ஆறாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது அவளுக்கு 'உள்ளேன்' என்ற ஒரே ஒரு சொல் வராது. அது வரும்வரை அந்த வகுப்பு ஆசிரியர் விடமாட்டார். திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார். வகுப்பே சிரிக்கும். காலையில் எழுந்ததும் வயிற்று வலி என்று படுத்துக்கொள்வாள்.

ஏழாம் வகுப்புக்கு வரலாற்று சார் வந்தார். முதல் நாளே, தன் வகுப்பில் யாரும் வாயைத் திறந்து ஆஜர் சொல்ல வேண்டாம், கையைத் தூக்கினால் போதும் என்று சட்டம் போட்டுவிட்டார்.

"எ... எனக்காகத்தான் சார் அப்படிச் செஞ்சார். ஆனா எனக்காகன்னு யாருக்கும் தெரியாத மாதிரி செஞ்சார்."

யாராவது பதில் சொன்னால் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து, இமைக்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பிள்ளைகள் அவருக்கு 'ஆந்தை சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் ஒரு வாக்கியத்தை முடிக்க எவ்வளவு நேரம் ஆனாலும் அந்தப் பார்வை நகராது. அவர் கரும்பலகையில் எழுதும்போது பின் பெஞ்சு கூச்சலில் இரண்டுபடும். ஒரு தடவைகூடக் கோபப்பட்டதில்லை. அந்தப் பொறுமையில் பாதியாவது தனக்கு வர வேண்டும், அவரைப் போல ஒரு டீச்சராக வேண்டும் என்பதுதான் அன்றிலிருந்து தன் ஆசை என்றாள்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சம்பந்தப்பட்டவரே எதிரில் இருக்கும்போது எப்படிச் சொல்வது? பாடவேளை முடிந்து மணி அடித்தாலும் ஆந்தை சார் நிறுத்தமாட்டார். கணக்கு டீச்சர் வாசலில் வந்து நின்றால்தான் சாக்பீஸைக் கீழே வைப்பார். தினமும் இதே கதை. வகுப்பே கூடிப் பேசி அந்த இரண்டு பேருக்கும் மனசுக்குள் கல்யாணம் பண்ணி வைத்திருந்தது.

தலைமை ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய குரலில் இரக்கம் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"நீங்க சொல்றது மனசைத் தொடுதும்மா. ஆனா பசங்க பொல்லாதவங்க. வாத்தியார்கிட்ட ஒரு குறை இருக்குன்னு தெரிஞ்சாப் போதும், ஒரே வாரத்துல ஓட ஓட விரட்டிடுவாங்க. அந்த சார் மாதிரி ஒருத்தர் வந்தா, கேள்வியே கேக்காம இப்பவே சேர்த்துப்பேன்."

ஃபைலை மூடி அவள் பக்கம் நகர்த்தினார்.

கேட்டுக்கு வெளியே நிற்பவனிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி அவள் கை நீட்டினாள். அதற்குள் ஃபைல்மேல் இன்னொரு கை விழுந்தது. அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத கணக்கு டீச்சரின் கை.

"ரிட்டயர் ஆகற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அந்த சார் என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தார்," என்று தலைமை ஆசிரியரைப் பார்த்துச் சொன்னார். "இப்பதான் ரிட்டயர் ஆயிட்டாரே."

பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"அவருக்குக் காது கேக்காதும்மா."