நூற்று எண்பத்திரண்டு அடி

"பிள்ளைங்களுக்கு பாத்ரூம் எங்க?" என்றாள் ரெனாட்டா.

கார் நிறுத்தும் திடலுக்கு அந்தப் பக்கம் கை காட்டினேன்.

அவள் சார்ட்டர் பள்ளிக்காரி. அரசுப் பணத்தில்தான் பள்ளி நடத்துவார்கள், ஆனால் எங்கள் கல்வி மாவட்டம் சொல்வதைக் கேட்க மாட்டார்கள். கலிபோர்னியச் சட்டம் வேறு அவர்கள் பக்கம். எங்கள் பிள்ளைகளுக்கு இருப்பதற்குச் சமமான இடத்தை அவர்களுக்கும் நாங்களே தர வேண்டுமாம்.

தருகிறோம். எது சமம் என்று எழுதுவது நான்தான்.

பதினைந்து வருடமாக எழுதுகிறேன். நாடக மேடையைத் திரை போட்டு மறைத்து வகுப்பறை என்று எழுதியிருக்கிறேன். மதிய உணவு நேரம் காலை ஒன்பது ஐம்பது என்று எழுதியிருக்கிறேன். முதலில் குதிப்பார்கள். பிறகு களைத்துப்போய்க் கையெழுத்துப் போடுவார்கள்.

இந்த வருடம் அவர்களுடைய முதல் வகுப்புக்குக் கோடியில் இருக்கும் ஒன்பதாம் அறை.

ரெனாட்டா அங்கிருந்து கழிப்பறை வரை நடந்தே போய் வந்தாள். நூற்று எண்பத்திரண்டு அடியாம். கழிப்பறையை ஒட்டிய மூன்றாம் அறை ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்டாள்.

அலுவலக உபயோகம் என்றேன். எங்கள் அலுவலகத்தின் கிறிஸ்துமஸ் மரமும் பதினோரு பெட்டி அலங்கார விளக்குகளும் உள்ளே இருந்தன. அதையெல்லாம் அவளிடம் ஏன் சொல்ல வேண்டும்?

"ஆறு வயசுப் பிள்ளைங்க, வில்லிஸ். ஆகஸ்ட் வெயில்ல தார் கொதிக்கும். அதுவரைக்கும் அடக்கிக்குவாங்களா?"

"பிள்ளைங்கதானே ரெனாட்டா, ஓடிருவாங்க."

மணி நாலே முக்கால். ஐந்துக்குள் அவள் ஒப்புக்கொள்ளாவிட்டால் நூற்று நாற்பது பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கும்போது கூரையே இருக்காது. அது இருவருக்கும் தெரியும். ஒன்பதாம் அறைக்கான ஒப்புதல் கடிதத்தை நீட்டினேன். பேனா மூடியைக்கூட நானே கழற்றிக் கொடுத்தேன்.

அவள் வாங்கவில்லை. பையிலிருந்து வேறொரு தாளை எடுத்தாள். அவர்கள் பள்ளியில் இடத்தை விட விண்ணப்பம் அதிகம் என்பதால் குலுக்கல் போட்டுத்தான் சேர்ப்பார்கள். இந்த வருடம் முதல் வகுப்புக்குத் தேர்வானவர்களின் பட்டியல் அது.

விரல் ஒரு பெயரில் போய் நின்றது. ஹேசல் அவிலா.

"ஹேசல் நல்லா ஓடுவாளா, வில்லிஸ்?"

அவிலா என் மனைவி வீட்டுப் பெயர். அலுவலகத்தில் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று மகளின் விண்ணப்பத்தில் நான்தான் அதைப் போட்டேன். தொலைபேசி எண்ணை மட்டும் பழக்கதோஷத்தில் என்னுடையதாகவே எழுதிவிட்டேன். மூன்று மாதமாக இந்த அறைகளுக்காக ரெனாட்டா தினமும் கூப்பிடுகிற அதே எண்.

வீட்டிலிருந்து கிளம்பி முதல் சிக்னல் வருவதற்குள் மறுபடியும் பாத்ரூம் போக வேண்டும் என்பாள் ஹேசல்.

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கிறிஸ்துமஸ் மரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.