ஆறாவது விநாடி

"ஜூலை 9. இன்று ஒரு சிறு தவறு. பத்து விநாடி காத்திருக்க வேண்டியவள் ஆறிலேயே பேசிவிட்டேன்." வகுப்பு முடிந்ததும் பூரணி நோட்டில் எழுதினாள்.

அவள் பேச்சுச் சிகிச்சை படிக்கும் மாணவி. மாலைப் பயிற்சி வகுப்பில் அவள் தனியாகச் சோதித்த முதல் குழந்தை, நான்கு வயது நிலோபர். குடைப் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டுவிட்டு, குழந்தையின் பதிலுக்காக மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். ஆறுக்கு மேல் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை.

"குடை, கண்ணு!"

திறக்கப்போன சின்ன வாய் மூடிக்கொண்டது.

"நீங்களே சொல்லிட்டா அவ எதுக்குங்க பேசணும்? வீட்லயும் இதே கதைதான்" என்று குழந்தையின் அம்மா சிரித்தாள். பூரணி தாளில் பூஜ்யம் போட்டாள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் குழந்தைக்குப் பள்ளியில் இடம் கொடுப்பார்கள்.

இரவு, தான் தங்கியிருந்த விடுதியில் தட்டை நீட்டினாள். "என்னம்மா வேணும்?" என்ற சமையல்கார சரசக்கா பதிலுக்கு நிற்கவில்லை. "இட்லிதானே, எனக்குத் தெரியாதா!" என்று வைத்துவிட்டாள். தோசை என்று சொல்லத் திறந்த வாயைப் பூரணி மூடிக்கொண்டாள். அதன்பிறகு அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அறைக்குப் போய், முன்பு எழுதியதற்குக் கீழே எழுதினாள்:

"நாளை: வகுப்பு மேடத்திடம் சொல்லிப் பூஜ்யத்தை அடித்து நீக்க வேண்டும். நிலோபருக்கு வேறு படம். பத்து வரை எண்ண வேண்டும்."