முதல் போர்வை

"ஒரே ஒரு பேரு! அதைச் சொல்ல உங்களுக்கு..."

"மாட்டேன்னா மாட்டேன்..."

"...வாயா நோகுது?"

"...என் வாயைக் கிளறாதே, சொல்லிட்டேன்!"

அப்பாவும் மகளும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறி விழுந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் காதில் எதுவும் விழாதவள் போல அப்பாவின் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டாள். தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

ஊருக்கு உழைத்தவர்களுக்கு இன்று சாயங்காலம் பாராட்டு விழா. ஆற்றில் படகு விடும் அப்பா, தண்ணீரோடு போனவர்களை எத்தனையோ தடவை இழுத்துக் கரை சேர்த்தவர். அவர் பெயரைப் பட்டியலில் ஏற்ற மகள் நாயாய் அலைந்திருந்தாள். ஏற்றியும் விட்டாள். இப்போது விழாவின் வழக்கம்தான் குறுக்கே நின்றது. பதக்கம் வாங்குகிறவருக்கு, அவரால் பிழைத்த ஒருவர்தான் மேடையேறி அதைப் போட்டுவிட வேண்டும்.

"நர்ஸம்மாவுக்கு அவங்க பிரசவம் பார்த்த பொண்ணு வருது. தீயணைப்புக்காரருக்கு, மாடியில மாட்டிக்கிட்ட பெரியவர் வர்றார். உங்களுக்கு? காத்து வந்து மாட்டுமா?"

"பதக்கமே வேணாம். எனக்குப் படகுல வேலை கிடக்கு."

"நேத்து விழா நடத்துற சங்கத்தோட தலைவர் எல்லார் முன்னாடியும் என்ன கேட்டார் தெரியுமா? 'உங்கப்பா காப்பாத்தின ஆளுன்னு ஒருத்தரையாவது நாம யாராவது கண்ணால பார்த்திருக்கோமா? ஆத்துல ஆளை இழுத்தாரா, கட்டையை இழுத்தாரா?'ன்னார். அத்தனை பேரும் சிரிச்சாங்கப்பா. எனக்கு அங்கேயே செத்துடலாம் போல இருந்தது!"

அம்மாவின் கை நின்றது.

"அந்த வார்த்தை இந்த வீட்டுல வேணாம்," என்றார் அப்பா. குரல் உறுமியது.

தலைவர் கேட்டதிலும் தப்பில்லை. ஆளைப் படகில் தூக்கிப் போட்டதும் அப்பா முதலில் செய்கிற காரியம், தலையோடு காலாக ஒரு போர்வையைப் போர்த்திவிடுவது. கரையில் எவ்வளவு கூட்டம் கூடினாலும் முகம் தெரியாது. என்ன ஆச்சு என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கால் வழுக்கிடுச்சு." பெயர் கேட்க மாட்டார். ஊர் கேட்க மாட்டார். தானாகத் தெரியவந்தாலும் வெளியே சொல்ல மாட்டார். போர்வையும் அந்த ஆளோடு போய்விடும். அம்மா கடைக்குப் போய், தடவிப் பார்த்து, கனமானதாகப் பொறுக்கி அடுத்ததை வாங்கி வைப்பாள்.

"போன போர்வை ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா? நன்றி கெட்ட ஜனம்! அதுங்க முகத்தைக் காட்டினா உங்களுக்கு என்ன குறைஞ்சிடும்?"

"எனக்கு ஒண்ணும் குறையாது. அவங்க நாளைக்குக் கடைக்குப் போகணும், பஸ்ல ஏறணும். பார்க்கிறவன் எல்லாம் 'அன்னிக்கு ஆத்துல விழுந்தது இதுதான்'னு கை நீட்டணுமா?"

வாசலில் கார் ஹாரன் அடித்தது. விழாவுக்கு அழைத்துப்போக வந்த தலைவரேதான்.

மகள் அம்மா பக்கம் திரும்பினாள். "நீயாவது வாயைத் திறயேம்மா! உனக்கென்ன, நீ ஆத்துப் பக்கமே வந்ததில்லை. படகுக்காரர் பொண்டாட்டி, அக்கரைக்குப் போக ஊரைச் சுத்தி பஸ்ல போறவ!"

இந்தக் கேலிக்கு அம்மா எப்போதும் சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை.

"அவளை எதுக்கு இழுக்கிறே?" அப்பா எரிந்து விழுந்தார்.

"சரி, இழுக்கலை. முதல் முதலா ஒரு ஆளைக் காப்பாத்தினீங்களே, அவங்க பேரை மட்டும் சொல்லுங்க. கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வரேன். இல்லைன்னா, எங்கப்பா சொன்னது அத்தனையும் புளுகுன்னு நானே மேடையேறிச் சொல்லிடுவேன்!"

"தாராளமா சொல்லு."

"என்ன பிடிவாதம்! உங்க ரத்தம்தானே எனக்கும் ஓடுது? நானும் லேசுல விடமாட்டேன்."

அப்பா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடினார்.

மறுபடி ஹாரன். இந்தத் தடவை கை எடுக்காமல் நீளமாக.

"போ. என் பேரை அடிச்சிடச் சொல்லு," என்றார் அப்பா, திரும்பாமலே.

மகளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கைப்பையை எடுத்தாள்.

"இருடி." அம்மா இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு உள்ளே போனாள். டிரங்குப் பெட்டியின் மூடி கிரீச்சிட்டது.

அந்தச் சத்தத்தில் அப்பா பதறிப்போனார். "வேணாம்மா. சொன்னாக் கேளு. யாரோ என்னவோ சொல்லிட்டுப் போறான், எனக்கு ஒண்ணும் இல்லை. நீ பேசாம இரு, உனக்குப் புண்ணியமாப் போகும்..."

அப்பா கெஞ்சி மகள் பார்த்ததே இல்லை. அவள் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

அம்மா வெளியே வந்தாள். கையில் மடிப்புக் கலையாத ஒரு பழைய பழுப்புப் போர்வை. ஓரம் இற்றுப்போய், பாச்சை உருண்டை வாசம் அடித்தது.

"ஒண்ணு கூட திரும்பி வரலைன்னியே, இது வந்தது. இதுதான் முதல் போர்வை. அன்னிக்கு இவர் யாருன்னே எனக்குத் தெரியாது. ஏன் குதிச்சேன்னு இவர் கேட்கவும் இல்லை. கூட்டத்துக்கிட்ட, கால் வழுக்கிடுச்சுன்னார்."

போர்வையின் ஒரு முனையை எடுத்து மகள் கையில் வைத்தாள்.

"இதுக்குள்ள ஒரு ஆள்தான் இருக்குன்னு ஊரே நினைச்சது. ரெண்டு பேர் இருந்தோம்டி. நீ என் வயித்துல இருந்தே. இப்ப சொல்லு, அந்தப் பதக்கத்தை நம்ம ரெண்டு பேர்ல யாரு போட்டுவிடறது?"