மொக்கையன் பாக்கி

மூட்டை தூக்கிய தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. செல்லூரிலிருந்து வந்தவர், மொக்கையன் பெயருக்கு வந்த வரி நோட்டீஸையும் இறப்புச் சான்றிதழையும் சேர்த்து நீட்டினார்.

"செத்தவனுக்கும் வரியா மேடம்? சுமை தூக்குனவனுக்கு ஏது இரும்புக் கம்பெனி?"

"நீங்க யாருண்ணே?" என்றாள் வரி அதிகாரி ரோகிணி.

"தம்பி."

"செத்தாலும் பாக்கி போகாதுண்ணே. அவர் விட்டுட்டுப் போன சொத்துல பிடிப்போம்."

"ஒத்தை வீடு மேடம். மக மீனாவுக்குன்னு வச்சது."

"பாவம்தான். அவரு ஆதாரை வச்சு எவனோ கம்பெனி நடத்தியிருக்கான். இப்படி எம்புட்டோ பேரு நேர்ல வந்து, 'என் கம்பெனி இல்லை'ன்னு கைரேகை வச்சாங்க. தள்ளுபடி பண்ணிட்டோம். உங்க அண்ணன் போன மாசம்தானே செத்திருக்காரு, அதுக்கு முன்னாடியே வந்திருக்கலாம்ல?"

அவர் மேசையிலிருந்த சான்றிதழைக் கையால் மூடினார்.

"மேடம்... நான்தான் மொக்கையன்."

"அப்ப இந்தச் சான்றிதழ்?"

"வீடாவது மிஞ்சும்னு புரோக்கர்கிட்ட காசு குடுத்து வாங்குனேன்."

ரோகிணி சான்றிதழ் நம்பரைத் தட்டிப் பார்த்தாள். "கம்ப்யூட்டர்லயும் ஏத்திட்டான்ணே. செத்தவர்கிட்ட நான் எப்படிக் கைரேகை வாங்குறது?"

திரையை அவர் பக்கம் திருப்பினாள். மொக்கையன், இறந்தவர். வாரிசு மீனா. வரி பாக்கி பதினோரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.